வாப்பாவின் வலது கண்



கொஞ்சம் நீண்ட பதிவு. மூன்று கிழமையாக எழுதுவதும் அழிப்பதுமாகக் கிடந்தது. எங்கள் வீட்டில் கணவன், மனைவி இருவருமே ஆசிரியர்கள். இந்த விடயத்தை இருவரும் சேர்ந்துதான் யோசித்தோம், சேர்ந்துதான் சண்டை பிடித்தோம். அதனால் எழுதுவதும் "நாங்கள்" என்றே இருக்கட்டும்.

தொடங்கியது வகுப்பறையில். ஒன்பதாம் தரத்துக்கு விஞ்ஞானத்தில் கண் பற்றிய பாடம். இறைச்சிக் கடையில் சொல்லிவைத்து ஒரு மாட்டுக் கண் எடுத்துப் போயிருந்தோம். முன்பக்கத்தில் கண்ணாடி போலத் தெரியும் மெல்லிய பகுதியை வெட்டிக் காட்டி, இதுதான் விழிவெண்படலம், ஒளி முதலில் நுழைகிற ஜன்னல் இதுதான் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, முன்வரிசையில் இருந்த பிள்ளை கையை உயர்த்தினா.

"சேர், மௌத்தான ஆக்கள்ற கண்ண எடுத்து மத்த ஆக்களுக்கு வைக்கிற எண்டு டீவீல காட்டினாங்க. முஸ்லிம்கள் குடுக்க ஏலுமா சேர்?"

"அதப் பத்தி உலமாக்கள்ட பல கருத்து இருக்கு மகள்" என்று ஒரு பதில். ஆசிரியர்களுக்குத் தெரியும், அது பதிலே இல்லை. அந்தப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது.

"நீங்க குடுப்பீங்களா சேர்?"

நல்ல வேளை, மணி அடித்தது. பாடசாலை மணிக்கு அன்றைக்குப் போல நாங்கள் என்றைக்கும் நன்றி சொன்னதில்லை.

பாடம் எடுத்தது எங்களில் ஒருவர். கேள்வி வீட்டுக்கு வந்தது இருவருக்கும். ஏனென்றால் எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி புதிதல்ல. பல வருடமாக ஒரு மூலையில் போட்டு, மேலே துணி போர்த்தி வைத்திருந்தோம்.

வாப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களில் ஒருவருக்கு வாப்பா, மற்றவருக்கு மாமா. இருவருமே வாப்பா என்றுதான் கூப்பிட்டோம். அவர் வயல்காரர். 2001ஆம் ஆண்டு சூடடிக்கும்போது பறந்த பதர் ஒன்று வலது கண்ணுக்குள் விழுந்தது. கசக்கினார். பால் கொடுக்கும் ஒரு பெண்ணிடம் தாய்ப்பால் வாங்கி விட்டார்கள். மூன்றாம் நாள் கண் சிவந்து வீங்கி, டொக்டரிடம் போகும்போது புண் பிடித்துவிட்டது. புண் ஆறியது. ஆனால் கண்ணில் பூ விழுந்துவிட்டது. கருவிழிக்கு மேலே பால் ஊற்றியது போல ஒரு வெள்ளை. அந்தப் பக்கமாக யார் வந்தாலும் நிழல்தான் தெரியும் என்பார்.

இரண்டு வருடம் காத்திருந்தார். 2003இல் கொழும்பு கண் வைத்தியசாலைக்கு வரச்சொன்னார்கள். யுத்த நிறுத்தக் காலம் என்பதால் இரவு பஸ்ஸில் போவது கொஞ்சம் லேசாக இருந்தது. வெள்ளை விழுந்த படலத்தை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, மௌத்தான ஒருவரின் தெளிந்த படலத்தை அந்த இடத்தில் வைத்து, தலைமுடியை விட மெல்லிய நூலால் சுற்றிவரத் தைத்தார்கள். அரை மில்லிமீற்றர் அளவு தடிப்பமுள்ள ஒரு துண்டு. அவ்வளவுதான்.

யாருடையது என்று சொல்லமாட்டார்கள். அதுதான் முறை. வாப்பா விடாமல் கேட்டிருக்கிறார். வார்ட்டில் இருந்த ஒரு தாதி, "வயசான அம்மா ஒராள், அவ்வளவுதான் தெரியும்" என்று சொன்னாவாம். அந்த ஒரு வரியை வாப்பா பதினைந்து வருடம் வைத்துக்கொண்டிருந்தார்.

கட்டு அவிழ்த்த கொஞ்ச நாளில் ஊருக்கு வந்தார். மருந்துத் துளி மாதக்கணக்கில் விட வேண்டியிருந்தது. பார்வை மெல்ல மெல்லத் தெளிந்தது. ஒருநாள் சுபஹுக்குப் பிறகு இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, வலது கண்ணால் மட்டும் குர்ஆனை ஓதிப் பார்த்தார். சூரா யூசுப். கவலையால் யஃகூப் நபியின் கண்கள் வெளுத்துப் போனதும், மகனின் சட்டை முகத்தில் போடப்பட்டதும் பார்வை திரும்பியதும் அந்த சூராவில்தானே வருகிறது. ஓதி முடித்துவிட்டு அழுதார். நாங்கள் பக்கத்தில் இருந்தோம்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. நன்றி சொல்ல ஆளில்லை. மௌலவியிடம் போய்க் கேட்டார்: "அந்த மனிசி காபிராத்தான் மௌத்தாகியிருப்பா. நான் அவட பாவத்த மன்னிக்கச் சொல்லி துஆ கேக்க ஏலுமா?"

மௌலவி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படிக் கேக்க மார்க்கத்துல இடமில்ல. ஆனா அவட பிள்ளைகள் உயிரோட இருப்பாங்க. அவங்களுக்கு நலவும் ஹிதாயத்தும் கேளுங்க" என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து ஒவ்வொரு சுபஹு தொழுகைக்குப் பிறகும் வாப்பாவின் துஆவில் "கண் தந்த வீட்டாக்கள்" வந்துவிடுவார்கள். எங்கள் பிள்ளைகள் அது யாரோ தூரத்துச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு கேள்வியும் அவரிடம் இருந்தது. மறுமையில் கண்ணும் காதும் தோலும் சாட்சி சொல்லும் என்று படித்திருக்கிறோமே. "இந்தக் கண்ணு ஆருக்குச் சாட்சி சொல்லும்? எனக்கா, அவவுக்கா?" மௌலவி சிரித்துவிட்டு, "உங்களுக்கு வந்த பொறகு நீங்க பாத்ததுக்கு நீங்கதான் பொறுப்பு காக்கா" என்றாராம். அதைச் சொல்லிச் சொல்லி வாப்பா சிரிப்பார். ஆனால் டீவீ பார்க்கும் நேரத்தையும் குறைத்துக்கொண்டார்.

2004 டிசம்பர் 26. எங்கள் கரையோர ஊர்களுக்கு அந்தத் திகதியைப் பற்றி விளக்கத் தேவையில்லை. வாப்பா ஜனாஸாக்களைத் தேடி எடுத்தவர்களில் ஒருவர். குளிப்பாட்ட நேரமில்லை, கபனுக்குப் புடவை இல்லை, ஒரே குழியில் பலரை வைத்தார்கள். பல நாள் அவர் சோறு தின்னவில்லை. பிறகு ஒருநாள் திண்ணையில் இருந்துகொண்டு சொன்னார்: "அந்த உடம்புகள்ற கோலத்த வெச்சா அல்லாஹ் அவங்கள விசாரிக்கப் போறான்?" கொஞ்ச நேரம் கழித்து, யாரிடமும் சொல்லாதது போல, "எடுத்தவன் குடுக்கவும் வேணுந்தானே" என்றார்.

நாங்கள் இருவரும் கேட்டோம். எதைச் சொல்கிறார் என்று விளங்கியது. விளங்காதது போல இருந்துவிட்டோம். எழுதி வாங்கவில்லை. திரும்பக் கேட்கவும் இல்லை.

2018இல் ஒருநாள், சுபஹு பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் வாப்பா வீட்டில் வைத்தே மௌத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். உம்மாதான் கண் இமைகளை மூடிவிட்டா. இடது கண் கடைசி வரை நல்ல தெளிவு. ஊசியில் நூல் கோர்ப்பார்.

வீடு நிறைய ஆட்கள். காக்காமார், தம்பிமார், பள்ளிவாசல் நிர்வாகத்தினர். லுஹருக்கு அடக்கம் என்று முடிவாயிற்று. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் இரண்டு தடவை பார்த்துக்கொண்டோம். இருவருக்கும் அந்தத் திண்ணைப் பேச்சுத்தான் ஞாபகம். இருவரும் வாய் திறக்கவில்லை. பத்து மணிக்குக் குளிப்பாட்ட எடுத்தார்கள். கண் எடுக்கும் நேரம் அதற்குள் கடந்துவிட்டது என்று எங்களில் விஞ்ஞானம் படிப்பிப்பவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததும் உள்ளுக்குள் ஒரு ஆறுதல் வந்தது. அந்த ஆறுதலை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அது மார்க்கத்துக்குப் பயந்த மௌனம் என்று சொன்னால் பொய். எங்களில் ஒருவருக்குக் கத்தியை நினைத்துப் பயம். மற்றவருக்கு ஊர் வாயை நினைத்துப் பயம்.

பிறகு கொரோனா வந்தது.

2020 ஏப்ரலில் கட்டாய எரிப்புக்கான வர்த்தமானி வந்தது. மண்ணில் அடக்கினாலும் ஆபத்தில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. பிறந்து 20 நாளான பச்சைக் குழந்தையையும் எரித்தார்கள். பொரளை கனத்தை மயான வேலியில் வெள்ளைத் துணி கட்டியது ஞாபகம் இருக்கும். நாங்களும் எங்கள் வீட்டுக் கேற்றில் கட்டினோம். 2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்க அனுமதி வந்தது. அதன் பிறகு ஓட்டமாவடியில் 3 ஆயிரத்து 600க்கும் மேற்பட்டவர்கள் அடக்கப்பட்டார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. எங்கள் உறவில் யாரும் எரிக்கப்படவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் ஜனாஸா என்ற சொல்லைக் கேட்டால் உடம்பு ஒருமுறை நடுங்கும் காலமாக அது இருந்தது. மையித்தை ஒருவரும் தொடக் கூடாது, நம் கையால் குளிப்பாட்டி, நம் கையால் கபனிட்டு, நம் மையவாடியில் வைக்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். அந்த நேரத்தில் யாராவது கண் தானம் என்று வாயெடுத்திருந்தால், நாங்களே சண்டைக்குப் போயிருப்போம்.

அதனால்தான் வகுப்பில் அந்தப் பிள்ளை கேட்ட கேள்வி எங்களை அப்படிக் குலைத்தது. அன்றிரவு அலுமாரியைத் திறந்து பழைய கடதாசிகளைக் கிண்டினோம். வாப்பாவின் கண் கிளினிக் கொப்பி கிடைத்தது. அதற்குப் பிறகுதான் ஒழுங்காகத் தேடிப் படிக்கத் தொடங்கினோம்.

முதலில் மார்க்கம். எங்களுக்குப் படித்துத் தந்த ஒரு ஆலிமிடம் போனோம். அவர் இரண்டு பக்கத்தையும் வைத்தார். கூடாது என்பவர்கள், மையித்தின் எலும்பை முறிப்பதைக் கண்டிக்கிற ஹதீஸை முன்வைக்கிறார்கள். மனித உடம்பு மனிதனுக்குச் சொந்தமில்லை, அமானிதம், அதை எப்படிக் கொடுப்பது என்கிறார்கள். பாகிஸ்தானின் முஃப்தி முஹம்மத் ஷஃபி அவர்கள் போன்ற பெரும் அறிஞர்களின் நிலைப்பாடு இது. லேசாகத் தள்ளிவிடக் கூடிய ஆட்கள் இல்லை. கூடும் என்பவர்களும் சின்ன ஆட்கள் இல்லை. எகிப்தின் முஃப்தியாக இருந்த ஹஸன் மஃமூன் அவர்கள் 1959இலேயே மௌத்தானவரின் கண்ணைக் கொண்டு பார்வையற்றவருக்குச் சிகிச்சை செய்வதை அனுமதித்தார்கள். 1988இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, ஒருவரின் உயிரோ உடம்பின் அடிப்படைத் தொழிற்பாடு ஒன்றோ அதில் தங்கியிருந்தால், மௌத்தானவர் உயிரோடு இருக்கும்போது சம்மதித்திருந்தாலோ வாரிசுகள் சம்மதித்தாலோ எடுக்கலாம் என்றது. விற்பனை கூடாது. உயிரோடு இருப்பவரின் இரண்டு கண்ணிலும் படலத்தை எடுப்பது ஹராம் என்றும் அதே தீர்மானம் சொல்கிறது.

ஆலிம் கடைசியில் சொன்னது இதுதான்: "மையித்தைக் கேவலப்படுத்தத்தான் தடை. நீங்கள் செய்யப்போவது கேவலப்படுத்துவதா, கண்ணியமான ஒரு உதவியா என்று உங்கள் நிய்யத்தைக் கேட்டுப் பாருங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் விட்டுவிடுங்கள், பாவமில்லை."

இதை வாசிக்கிற நீங்கள் எங்களைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். நாங்கள் பத்வா சொல்லுகிற ஆட்கள் இல்லை. உங்கள் ஆலிமிடம் கேளுங்கள்.

அடுத்தது நாட்டு வரலாறு. இதைப் படிக்கும்போதுதான் வெட்கம் இன்னும் கூடியது. 1958இல் ஹட்சன் சில்வா என்ற இளம் வைத்தியர் மனைவியோடு சேர்ந்து, மௌத்தான பிறகு கண்ணைத் தாருங்கள் என்று சிங்களப் பத்திரிகையில் எழுதினார். 1960இல் அவருடைய தாய் இறந்தபோது, தாயின் கண்ணையே எடுத்து ஒரு ஏழை விவசாயிக்குக் கொடுத்தார். 1961இல் இலங்கைக் கண் தானச் சங்கம் உருவானது. 1964இல் ஐஸ் போட்ட சாதாரண பிளாஸ்க் ஒன்றில் சிங்கப்பூருக்கு முதல் கண்கள் போயின. அதன் பிறகு ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போயிருக்கின்றன. தன் கண்களையே தானம் செய்த சிவி மன்னனின் கதையைக் கேட்டு வளர்ந்த பௌத்த மக்கள் அதை ஒரு தர்மமாக எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் கண்கள் கூடுதலாகப் போன நாடு எது தெரியுமா? பாகிஸ்தான். 1967இலிருந்து சுமார் 35 ஆயிரம். 2021 டிசம்பரில் சியால்கோட்டில் எங்கள் நாட்டவர் ஒருவரை ஒரு கூட்டம் அடித்துக் கொன்று எரித்த அந்தக் கிழமையில்தான் இந்த எண்ணிக்கை வெளியில் பரவலாகப் பேசப்பட்டது. அன்றைக்கு நாங்கள் தலைகுனிந்ததை மறக்கவில்லை.

அதே பாகிஸ்தானில்தான் அப்துல் சத்தார் ஈதியும் இருந்தார். ஆயிரக்கணக்கான அநாதை ஜனாஸாக்களைத் தன் பொறுப்பில் அடக்கியவர். 2016 ஜூலையில் மௌத்தாகும்போது, தன் உறுப்புகளைக் கொடுத்துவிடச் சொல்லியிருந்தார். நோயாளியாக இருந்ததால் வேறு ஒன்றும் பயன்படவில்லை. கண்களின் படலங்கள் மட்டும் பயன்பட்டன. இரண்டு பேருக்குப் பார்வை போனது.

ஊரில் எல்லோரும் இதே நேரத்தில் சொல்கிற ஒரு சொல் இருக்கிறது: "அவங்கட ஆக்கள் குடுக்கிறாங்க, நாம எதுக்கு?" வாப்பாவின் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சொல்லை எங்களால் சொல்ல முடியவில்லை. நோன்பு, தொழுகை, ஸக்காத் எல்லாவற்றிலும் கொடுக்கல் வாங்கலைத் துப்புரவாக வைக்கச் சொல்கிற மார்க்கத்தில் இருந்துகொண்டு, இதில் மட்டும் ஏன் வாங்குகிற பக்கத்திலேயே நிற்கிறோம்? நம்மிலும் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். மறுக்கவில்லை. எங்கள் வீடு கொடுக்கவில்லை. அதைத்தான் சொல்கிறோம்.

செய்முறையையும் கேட்டு அறிந்தோம். பலருக்கு இதில் பெரிய பயம் இருப்பதால் சொல்கிறோம். முகம் கெட்டுப்போவதில்லை. சில இடங்களில் படலத்தை மட்டும் எடுப்பார்கள். சில இடங்களில் முழு விழியையும் எடுத்து, குழி விழாமல் உள்ளே வைத்து, இமையை மூடிவிடுவார்கள். பார்த்தால் தூங்குவது போலத்தான் இருக்கும். அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். பரிசோதனைக்குக் கொஞ்சம் இரத்தம் எடுப்பார்கள். குளிப்பாட்ட முன்னரே எல்லாம் முடிந்துவிடுவதால், குளிப்பு, கபன், தொழுகை எதுவும் மாறுவதில்லை. வழமையான அடக்க நேரம் பிந்தவும் தேவையில்லை. கண்ணாடி போட்டவர்கள், கட்டராக் வெட்டியவர்கள், சீனி வருத்தக்காரர்களும் கொடுக்கலாம். எச்.ஐ.வி., ஈரல் அழற்சி, விசர்நாய்க்கடி நோய் போன்றவை இருந்தால் எடுக்கமாட்டார்கள். படலத்தில் இரத்தக் குழாய் இல்லாததால், சிறுநீரகம் போல இரத்த வகை பொருந்த வேண்டும் என்பதும் பொதுவாக இல்லை. சிங்களக் கிழவியின் கண் முஸ்லிம் வயல்காரருக்குப் பொருந்தியது அப்படித்தான்.

ஆனால் நேரம் முக்கியம். நாலு மணித்தியாலத்துக்குள் என்றால் நல்லது, கூடினால் ஆறு. அதற்குள் வீட்டில் இருப்பவர்கள் இமையை மூடி, ஃபேனை நிறுத்தி, இமைக்கு மேல் ஈரப் பஞ்சு வைத்து, தலையைக் கொஞ்சம் உயர்த்தி வைக்க வேண்டும்.

இமையை மூடுவது. இதை வாசித்தபோது இருவரும் நிமிர்ந்து பார்த்தோம். அபூ ஸலமா (ரழி) அவர்கள் மௌத்தானபோது ரசூலுல்லாஹ் தங்கள் கையால் அவர்களின் கண்களை மூடியது நமக்கெல்லாம் தெரிந்த ஹதீஸ். கண் எடுக்க வருபவர்கள் முதலில் சொல்வதும் அதைத்தான்.

இவ்வளவும் படித்த பிறகுதான் உண்மையான சிக்கல் எங்கே என்று விளங்கியது. விண்ணப்பத்தில் இருவரும் பெயர் எழுதலாம். கையெழுத்து வைக்கலாம். 1987ஆம் ஆண்டின் மனித இழைய மாற்றுச் சட்டம் எழுத்து மூலமான சம்மதத்தை ஏற்கிறது. ஆனால் அந்தக் கடதாசி எழும்பிப்போய் டெலிபோன் எடுக்காது. அந்த நாலு மணித்தியாலத்தில் எங்களில் ஒருவர் கட்டிலில் கிடப்பார். மற்றவர் மட்டும்தான் இருப்பார். மௌத்தாகிறவர் நிய்யத்து வைத்துவிட்டுப் போய்விடுவார். அழுதுகொண்டிருக்கிற நேரத்தில், ஊரே கூடியிருக்கிற வீட்டில், டெலிபோனைத் தூக்குகிறவர்தான் கொடுக்கிறவர். வாப்பாவின் விடயத்தில் அந்த இடத்தில்தான் நாங்கள் விழுந்தோம்.

மனைவி கேட்ட கேள்விக்கு அன்றைக்குப் பதில் இருக்கவில்லை. "நீங்க முதல்ல போனா, நான் உள் அறையில இத்தாவுக்கு இருப்பன். முன்னுக்கு உங்கட தம்பிமார், பள்ளிவாசல் ஆக்கள். நான் எழும்பிப் போய் ஆருக்கிட்டச் சொல்ற? சொன்னா, புருஷன்ட கண்ணப் புடுங்கக் குடுத்தவ எண்டு எனக்குத்தானே பேர் வரும்?"

அதனால் கையெழுத்துக்கு முதல் வீட்டைக் கூட்டுவது என்று முடிவு செய்தோம். ஹஜ்ஜுப் பெருநாள் அன்று எல்லோரும் சாப்பிட வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் விடயத்தைச் சொன்னோம். ஒரு தம்பி, "டீ ஒண்டு குடிச்சிட்டு வாறன்" என்று எழும்பிப் போனவர் திரும்பி வரவே இல்லை. இன்னொருவர் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூத்த காக்கா மட்டும், "எனக்கு விருப்பமில்ல. ஆனா வஸிய்யத்த எழுத்துல தாங்க. எழுத்துல இருந்தா நான் முன்னுக்கு நிண்டு செய்வன்" என்றார். விருப்பமில்லாமல் சொன்ன அந்த வார்த்தை எங்களுக்குப் பெரிய பலம்.

உம்மாதான் மிச்சம். உம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னா:

"எரிக்க விடமாட்டம் எண்டு கேற்றுல வெள்ளத் துணி கட்டினது நீங்கதானே? இப்ப நீங்களாப் போய் வெட்டக் குடுக்கப் போறீங்களா?"

யாருக்கும் பேச்சு வரவில்லை. எங்களுக்கும் இந்தக் கேள்வி பல இரவு வந்ததுதான். கடைசியில் எங்களில் ஒருவர் சொன்னோம்: "அப்ப எங்கள்ட்ட ஒருவரும் கேக்கல்ல உம்மா. எடுத்துட்டுப் போனாங்க. இது நாங்க குடுக்கிற."

"கண்ணில்லாம கபுருக்குள்ள போனா முன்கர் நகீர என்னண்டு பாக்கிற?"

"சுனாமில மீன் திண்ட ஆக்களும் இருக்காங்க உம்மா. விரல் நுனி வரைக்கும் திரும்பச் சேக்க ஏலும் எண்டு சொல்றவனுக்கு இது பெரிய வேலையா?"

உம்மா கொஞ்ச நேரம் தஸ்பீஹை உருட்டிக்கொண்டிருந்தா. பிறகு, "உங்கட வாப்பாவும் இப்பிடித்தான் ஒண்டு சொன்னவர். என்னட்டயும் சொன்னவர்" என்றா. எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடமாக நாங்கள் இருவர் மட்டும் சுமந்தோம் என்று நினைத்தது மூன்று பேர் சுமந்த சுமை. அன்று காலையில் வாப்பாவின் இமையை மூடும்போது உம்மாவுக்கும் அது ஞாபகம் வந்திருக்கிறது. உம்மாவும் பேசவில்லை.

"எனக்கு வேணாம். என்ட கண்ணத் தொட விடப்படாது" என்றா பிறகு. "உங்கட கண்ணு உங்கட விருப்பம். ஆனா நான் இருக்கக்குள்ள நீங்க முந்திப் போய், அதையும் என்னப் பாக்க வெச்சிராதீங்க." அவ்வளவுதான். அதற்கு மேல் உம்மாவிடம் கேட்கவில்லை. உம்மாவின் கண்ணை யாரும் தொடமாட்டார்கள். அதுவும் எங்கள் பொறுப்பு.

போன கிழமை இருவரும் கையெழுத்து வைத்தோம். வஸிய்யத்தில் தனியாக ஒரு பந்தி எழுதி, காக்காவுக்கு ஒரு பிரதி கொடுத்தோம். இங்கிருந்து கொழும்பு தூரம் என்பதால், பக்கத்து அரசாங்க வைத்தியசாலையில் கண் எடுக்கப் பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறாரா, இரவில் வருவாரா என்று முன்கூட்டியே கேட்டு, நம்பரை அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினோம். இதை நினைக்கிற மற்றவர்களும் முதலில் இந்த வேலையைச் செய்யுங்கள். பெயர் கொடுத்துவிட்டு யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் இருந்தால் பிரயோசனம் இல்லை.

நம்பரை ஒட்டும்போது உயர்தரம் படிக்கிற மகள் பார்த்துக்கொண்டிருந்தா. "ஆர் கோல் எடுக்கிற?" என்று கேட்டா. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் மற்றவரைக் காட்டினோம். அவ சிரிக்கவில்லை. தன் டெலிபோனை எடுத்து அந்த நம்பரைப் பதிந்துகொண்டா.

அந்த ஒன்பதாம் தரப் பிள்ளைக்கும் பதில் சொல்லியாகிவிட்டது. "குடுக்க ஏலும் எண்டும் ஆலிம்கள் இருக்காங்க, ஏலாது எண்டும் இருக்காங்க மகள். நாங்க படிச்சுப் பாத்துக் குடுக்கிற எண்டு முடிவெடுத்தம். நீங்க பெரிய ஆளான பொறகு நீங்களே படிச்சுப் பாருங்க." அவ தலையாட்டிவிட்டு, "வீட்ட வாப்பாக்கிட்டச் சொல்லட்டா சேர்?" என்று கேட்டா. நாளைக்கு அவவின் வாப்பா பாடசாலைக்கு வந்தாலும் வரலாம். வரட்டும். கதைப்போம்.

இந்தப் பதிவுக்குக் கீழே கண்டித்து எழுதுபவர்களும் இருப்பீர்கள். எழுதுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் கேட்கிறோம். கொடுப்பதோ கொடுக்காமல் விடுவதோ, அதை வீட்டில் ஒருநாள் வாய் திறந்து பேசிவிடுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் திண்ணையில் இருந்து அரைகுறையாக ஏதாவது சொன்னால், விளங்காதது போல இருக்காதீர்கள். திரும்பக் கேளுங்கள். எழுதி வையுங்கள்.

எங்கள் நிய்யத்தை அல்லாஹ் கபூலாக்க துஆ செய்யுங்கள். எங்களில் மிஞ்சுகிறவருக்கு அந்த நாலு மணித்தியாலத்தில் நாக்கு எழும்ப வேண்டும் என்றும் துஆ செய்யுங்கள். வாப்பாவின் கபுரை அல்லாஹ் விசாலமாக்குவானாக. கண் தந்த வீட்டாக்களுக்கு நலவைக் கொடுப்பானாக.

வஸ்ஸலாம்.